தரிசனம் கண்டது ஒருவர், நிச்சயித்தது ‘நாங்கள்’

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில் பத்துப் பேரை நிறுத்துங்கள். மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரைத் திரும்பிப் பார்க்காமல், நம் சபையின் தரிசனம், அதாவது சபை எதை நோக்கிப் போகிறது என்று சொல்லும் வாக்கியம், என்ன என்று கேளுங்கள். சிலர் அந்த ஆண்டின் வாக்குத்தத்த வசனத்தைச் சொல்வார்கள். சிலருக்கு ‘எழுப்புதல்’ என்ற ஒரு சொல் மட்டும் நினைவிருக்கும். போதகர் வீட்டார் மட்டும் வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். பிறகு இரண்டாவது கேள்வி: அந்தத் தரிசனத்தின்படி வருகிற செவ்வாய்க்கிழமை உங்களுக்கு என்ன வேலை? இதற்குப் பத்தில் மூன்று பேர் பதில் சொல்லிவிட்டால் அந்தச் சபை தேறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெரும்பாலான சபைகளில் தரிசனம் பிறக்கும் விதம் ஒன்றுதான். ஆண்டுக் கடைசியில் போதகர் உபவாசித்து ஜெபிக்கிறார், ஒரு வாக்கியம் பிறக்கிறது, அச்சகத்துக்குப் போகிறது, புத்தாண்டு ஆராதனையில் திரை விலகுகிறது. ஜெபத்திலோ வாக்கியத்திலோ குறை எதுவும் இல்லை. இடையில் இருக்க வேண்டிய ஒரு படி காணாமல் போயிருக்கிறது. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் அந்தப் படி அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. துரோவாவில் இராத்திரியிலே மக்கெதோனியன் நிற்கும் தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவரே. அடுத்த வசனத்தில் வினைச்சொல் பன்மைக்கு மாறுகிறது: கர்த்தர் எங்களை அழைத்தார் என்று ‘நாங்கள் நிச்சயித்துக்கொண்டு’ புறப்பட முயன்றோம் என்கிறார் அந்த நூலை எழுதிய லூக்கா. கண்டது அவர், நிச்சயித்தது நாங்கள். எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் கடிதத்திலும் இதே நடைதான். ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று எழுதத் துணிந்தவர்கள், அதற்கு முன்னால் பேதுருவும் பவுலும் பர்னபாவும் யாக்கோபும் பேச, உட்கார்ந்து கேட்டவர்கள்.

இந்த இடத்தில் ஒரு வசனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீதிமொழிகள் 29:18 தரிசன ஞாயிறுகளில் தவறாமல் வாசிக்கப்படும். திட்டமில்லாத சபை அழியும் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தமிழ் வேதாகமத்தைத் திறந்து நிதானமாகப் பாருங்கள்: அங்கே ‘தரிசனம்’ என்று இல்லை, ‘தீர்க்கதரிசனம்’ என்று இருக்கிறது. எபிரெய மூலச் சொல்லும் தீர்க்கதரிசிகளுக்குத் தேவன் வெளிப்படுத்துவதையே குறிக்கிறது. வசனத்தின் பின்பாதி வேதத்தைக் காக்கிறவனைப் பற்றிப் பேசுகிறது. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஆதாரம் வேண்டுமானால் லூக்கா 14:28 கைவசம் இருக்கிறது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். எனக்கு அந்த ‘உட்கார்ந்து’ என்ற சொல் மிகவும் பிடிக்கும்.

ஆகவே முதல் வேலை, மூன்று காரியங்களை மூன்று தாள்களில் பிரித்து எழுதுவது. ஒரு தாளில் விசுவாச அறிக்கை. கி.பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் உருவான அறிக்கையையோ, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையோ, உங்கள் திருச்சபைப் பிரிவின் அறிக்கையையோ வைத்துக்கொள்ளுங்கள். இதில் சபைக் கமிட்டி கைவைக்கக் கூடாது. இரண்டாவது தாளில், எல்லாச் சபைக்கும் பொதுவான பணி. மத்தேயு 28:19-20-இன் கிரேக்க வாக்கியத்தில் கட்டளை வினை ‘சீஷராக்குங்கள்’ என்ற ஒன்றே. போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் அதைச் சுற்றி நிற்கின்றன. இதையும் நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மூன்றாவது தாள்தான் உங்களுடையது: இந்த இடத்தில், இத்தனை பேரை வைத்துக்கொண்டு, அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பணியில் எந்தத் துண்டை எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

இப்படிப் பிரிக்காத சபைகளில் ஒரு விபரீதம் நடக்கும். வியாழக்கிழமை மாலைக் கூட்டம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொன்னால், அவர் தரிசனத்துக்கு விரோதமாகப் பேசுகிறார் என்று ஆகிவிடும். பிறகு தேவனுக்கே விரோதமாக. மூன்றாவது தாளின் தலைப்பிலேயே ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21-ஐயும், அந்தத் தாள் காலாவதியாகும் தேதியையும் எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும்.

எண்ணிப் பார்ப்பது

நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் பேசாமல் இருந்தார். பிறகு இரவில் சில பேரோடு போய், இடிந்த மதிலை வாசல் வாசலாகப் பார்த்தார். ‘கட்டுவோம் வாருங்கள்’ என்று கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். சபையின் மதிலைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும்.

தொடர்ந்து நான்கு ஞாயிறு தலை எண்ணுங்கள். உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். அதில் ஊர் மாறிப் போனவர்களும் இறந்தவர்களும் இன்னும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள், இளைஞர், நடுவயதினர், முதியவர் என்று நான்கு கட்டம் போதும். கடந்த 12 மாதங்களில் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஆறு வாரத்துக்குப் பிறகும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எழுதுங்கள். புதியவர்களில் வேறு சபையிலிருந்து மாறி வந்தவர்களுக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டம் இல்லாததால்தான் பக்கத்துச் சபையின் ஆடுகள் நம் தொழுவத்துக்கு வந்ததை எழுப்புதல் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் சபையின் எல்லா வேலைகளையும் எழுதுங்கள்: ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஒலி அமைப்பு, காணிக்கை எண்ணுதல், துப்புரவு, வீட்டு ஜெபக் கூட்டம், நோயாளிகளைச் சந்தித்தல். வலப்பக்கம் அதைச் செய்கிறவர்களின் பெயர். ஒரே பெயர் மூன்று இடத்துக்கு மேல் வந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சிவப்பு வட்டம் அதிகமுள்ள சபையில் புதிய ஊழியம் எதை அறிவித்தாலும் அது அதே சோர்ந்த தோள்களில்தான் போய் விழும். அவர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் பிரச்சினை. இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

கேட்பது

உறுப்பினர்களிடம் கேட்கும்போது ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக உட்கார வையுங்கள். நாற்பது நிமிடம். முதல் சுற்றில் இளைஞர் தனி, பெண்கள் தனி, முதியவர் தனி. முதலிலேயே கலந்து உட்கார்ந்தால் மூப்பர்கள் பேச மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டாவது சுற்றில் கலக்கலாம். எழுதுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும், மற்றவர்கள் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். போதகர் அந்த அறையில் இருக்கக் கூடாது. நல்ல போதகராக இருந்தால் இன்னும் முக்கியமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அவரை நோகடிக்க யாருக்கும் மனம் வராது.

‘நம் சபை எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் பிரசங்கம்தான் பதிலாக வரும். கேள்வி காலைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். சபைக்கு வெளியே இருக்கும் யாருக்காக இந்த மாதம் பெயர் சொல்லி ஜெபித்தீர்கள்? ஒருவரை ஆராதனைக்கு அழைக்க நினைத்து அழைக்காமல் விட்டதற்கு என்ன காரணம்? நாம் செய்யும் எந்தக் காரியத்தை நிறுத்தினால் யாருக்கும் குறையிருக்காது? மூன்றாவது கேள்விக்கு அறையில் ஒரு மௌனம் விழும். பொறுத்திருங்கள், பதில் வரும்.

வெளியே இருபது பேரிடம் கேளுங்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், கடை வைத்திருப்பவர், சபைக் கட்டிடத்துக்கு நேர் எதிர்வீட்டுக்காரர். இங்கே வாழ்வதில் எது கஷ்டமாக இருக்கிறது, கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள், எங்கள் சபையைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும். அன்று கையில் கைப்பிரதி எடுத்துப் போக வேண்டாம். கைப்பிரதியைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் பேசுவதை நிறுத்திவிட்டு, நம்மை அனுப்பி வைக்கும் வழியை யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் இறையியல் சம்பந்தப்பட்டதாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார்கள், மைக் சத்தத்தில் குழந்தை தூங்க முடியவில்லை. இவை இரண்டும் வந்தால், உங்கள் வெளி ஊழியத்தின் முதல் இரண்டு வரிகள் எழுதப்பட்டுவிட்டன: வண்டிகளை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேர், ஒலிபெருக்கி உள்பக்கமாகத் திருப்பப்பட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் அந்த எதிர்வீட்டுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிறவருடைய தைரியத்தை நான் மெச்சுகிறேன், புத்தியை மெச்ச முடியவில்லை.

எழுதுவது

வாக்கியத்தை எழுத மூன்று முதல் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் சபைக்கு வந்து இரண்டு ஆண்டு நிறையாதவராக இருக்கட்டும். பழகிப்போன காதுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கும். குழுவாக யோசிக்கலாம், ஆனால் பேனா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி வந்து சேரும்.

வழக்கமாக முதல் வரைவு இப்படி இருக்கும்:

‘தேவ கிருபையினாலே, அபிஷேகம் நிறைந்த, ஆத்தும பாரமுள்ள, தேசத்தை அசைக்கும் எழுப்புதலின் சபையாக எழும்பிப் பிரகாசிப்போம்.’

இதைச் சொல் சொல்லாகத் தட்டிப் பாருங்கள். தேசம் என்றால் எந்தத் தெரு? அசைந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்? எப்போது? இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி என்ன செய்வார்? சபைத் தமிழுக்கு ஒரு தனி ஆபத்தும் உண்டு. ஆத்தும ஆதாயம், பாரம், அபிஷேகம் எல்லாம் நமக்குள் புழங்கும் நாணயங்கள். வெளியே இருப்பவருக்குப் பாரம் என்றால் சுமை, எழுப்புதல் என்றால் தூக்கத்திலிருந்து எழுப்புவது. வெளியே போவதைப் பற்றிய வாக்கியத்தை வெளியே இருப்பவர் படித்தாலும் புரிய வேண்டாமா?

இரண்டாவது வரைவு:

‘சபையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள ஒவ்வொரு வீட்டாரும், கிறிஸ்துவை நம்பும் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு மூன்று ஆண்டுகளில் பழகியிருக்க வேண்டும்.’

இது தேவலை. இத்தனை பேர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்’ என்றார் பவுல். நடுவதற்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் இலக்கு வைக்கலாம், விளைச்சலுக்கு இலக்கு வைப்பது நம் வேலையில்லை. ஞானஸ்நான எண்ணிக்கையை இலக்காக வைத்த இடங்களில் நடப்பது தெரிந்ததுதான்: ஆயத்த வகுப்பு சுருங்கும், ஊழியர்கள் அறிக்கையில் எண்களை ஊதுவார்கள், ஒரே ஆள் இரண்டு கூட்டத்தில் எண்ணப்படுவார்.

இனி அந்த வாக்கியத்தைக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிறு 120 பேர் வரும் சபை, 50 குடும்பங்கள், நடந்துபோகும் தூரத்தில் 600 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். சந்திக்கப் போக இருவர் இருவராக ஆறு ஜோடி கிடைக்கிறார்கள். லூக்கா 10-இல் ஆண்டவரே இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார், பாதுகாப்புக்கும் சாட்சிக்கும் அது இன்றும் நல்ல ஏற்பாடு. ஒரு ஜோடிக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்றால் போய்வரும் நேரம் போக, நிதானமாக இரண்டு வீடு பார்க்கலாம். ஆண்டுக்கு 40 வாரம் நடக்கும் என்று கொண்டால் 6 × 2 × 40, ஆக 480 சந்திப்புகள். ஒரு வீட்டாரோடு பெயர் சொல்லிப் பழக ஆண்டுக்கு ஆறு முறையாவது பார்க்க வேண்டும். 480-ஐ 6-ஆல் வகுத்தால் 80 வீடு. இதோடு 50 குடும்பங்களும் தங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டை எடுத்துக்கொண்டால் இன்னும் 100. மொத்தம் 180. அறுநூறு எங்கே, நூற்றெண்பது எங்கே.

இந்த இடத்தில் பல குழுக்கள் கணக்கை மூடி வைத்துவிட்டு விசுவாசத்தைத் திறக்கும். கணக்குப்படி வாக்கியத்தை நறுக்குவதே நேர்மை. ‘நடந்துபோகும் தூரம்’ போய் ‘கட்டிடத்தைச் சுற்றியுள்ள நான்கு தெருக்கள்’ என்று வரட்டும், அந்தத் தெருக்களில் உள்ள வீடுகள் 180-க்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஓர் ஆண்டில் முடியும் கணக்குக்கு மூன்று ஆண்டு எதற்கு என்றால், ஜோடிகளில் ஒருவர் நோயில் விழுவார், சில வீடுகளில் குடித்தனம் மாறும், சில கதவுகள் முதல் ஆண்டு முழுக்கத் திறக்காது. நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள். மதில் 52 நாளில் முடிந்ததற்கு அந்தப் பங்கீடும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எதை நிறுத்துவது

தரிசனங்கள் சாகும் இடம் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். சபையில் உண்மையிலேயே வேலை செய்கிறவர்கள் 35 பேர், ஆளுக்கு வாரம் மூன்று மணி நேரம் தர முடியும் என்றால் கையிருப்பு 105 மணி. இப்போது நடக்கும் வேலைகளைக் கூட்டினால் 98 வருகிறது என்று வையுங்கள். மீதி 7. ஆறு ஜோடிச் சந்திப்புக்கு 12 பேர் × 2 மணி, அதாவது 24 மணி தேவை. 17 மணி நேரம் துண்டு விழுகிறது. இதற்கு இரண்டே வழி: புதிதாக ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அல்லது 17 மணி நேர வேலையை நிறுத்த வேண்டும். மூன்றாவது வழியாக எல்லாரும் எடுத்துக்கொள்வது, 105 மணிக்காரர்களிடம் 122 மணி வாங்குவது. ஆறு மாதம் ஓடும்.

நிறுத்தும்போது அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர்களிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், அறிவிப்புப் பலகையில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. கடைசிக் கூட்டத்தை நன்றி ஆராதனையாக நடத்துங்கள். அதில் பயனடைந்தவர்கள் இரண்டு பேர் பேசட்டும். நான்கு பேர் மட்டும் வரும் கூட்டத்தைத் தானாகச் சாக விடுவது இரக்கம் போலத் தோன்றும், அந்த நான்கு பேருக்கு அது வாராவாரம் அவமானம்.

போவது

வெளி ஊழியம் என்றதும் மேடை, பந்தல், ஒலிபெருக்கி, சிறப்புப் பேச்சாளர் என்று மனம் ஓடும். பொதுக் கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைப்புக்குக் கை தூக்குகிறவர்களில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் தொடர்ந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் முப்பது பேருக்குத்தான் உங்களால் பொறுப்பேற்க முடியும். அதற்கேற்ற அளவில் நாற்காலி போடுங்கள்.

1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இந்தியப் போதகர் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். மிஷனரிகள் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. நூறாண்டு கடந்தும் நம் திட்டங்களில் ‘உதவி’ என்ற தலைப்பின்கீழ் பத்து வரி இருக்கும், ‘நட்பு’ என்ற தலைப்பே இருக்காது.

உதவியையும் அழைப்பையும் ஒரே கையால் கொடுக்காதீர்கள். யாருக்கு உதவி என்பதைத் தேவையின்படி மட்டும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆராதனைக்கு வருகிறாரா என்பது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. வாங்குகிறவரைப் படம் எடுத்துப் போட வேண்டாம். இயேசுவைப் பற்றி அவர் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 சொல்வதுபோல் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். பொருளைக் காட்டி அழைத்தால் பொருள் நின்ற அன்று அவரும் நிற்பார், ஊராரின் நம்பிக்கையும் போகும். மத மாற்றம், பொது இடத்தில் பேசுவது, கைப்பிரதி வழங்குவது பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அச்சகத்துக்குப் போகும் முன் உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் வரும் எந்த ஊழியத்திலும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வந்துபோகும் பதிவும் வேண்டும். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை, போதகருக்கும் மூத்த மூப்பருக்கும் உட்பட.

புதியவர் ஆராதனைக்கு வந்தால் கையில் ஒரு ஃபார்ம் கொடுக்கிறோம். அதில் ஒன்பது கட்டம் இருக்கும், பிறந்த தேதி முதல் திருமண நாள் வரை. மூன்று போதும்: பெயர், தொலைபேசி எண், யார் மூலம் வந்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் 48 மணி நேரத்துக்குள் அவரை அழைத்துப் பேச வேண்டியவர் அந்த ஆள்தான், சபை அலுவலகம் இல்லை. யார் மூலமும் வராதவருக்கு அன்றே ஒரு பெயர் குறிக்கப்பட வேண்டும். குழுவிடம் ஒப்படைத்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பேசியிருப்பார் என்று இருந்துவிடுவார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்தையும் இப்படி ஒரு பெயரோடு கட்டிவையுங்கள். அப்போஸ்தலர் 2:42-இல் உள்ள நான்கையும் வைத்து அந்த ஆள் பார்க்கட்டும்: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். நான்கில் ஐக்கியம்தான் முதலில் அறுபடும்.

குறை சொல்லி யாராவது எழும்பினால் பதற வேண்டாம். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறையோ, அவர்கள் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது.

பணம், ஜெபம்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. போன ஆண்டு லெட்ஜரை எடுத்து, சுவருக்குள் செலவானதற்கு நீலம், சுவருக்கு வெளியே செலவானதற்குப் பச்சை என்று இரண்டு பென்சிலால் கோடு போடுங்கள். சபையின் உண்மையான தரிசனம் அந்தப் பக்கங்களில் தெரியும். வெளி ஊழியத்துக்கென்று குறித்துக் கொடுத்த காணிக்கையை, எவ்வளவு அவசரமானாலும், கூரை பழுதுபார்க்க எடுக்கக் கூடாது. எண்ணுவது இரண்டு பேர், கையெழுத்து இரண்டு பேர், வரவுசெலவு மாதந்தோறும் பலகையில்.

ஜெபத்துக்கும் அட்டவணை வேண்டும். 1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 24 ஆண்களும் 24 பெண்களுமாக, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று நாள் முழுவதும் ஜெபிக்க உடன்படிக்கை செய்தார்கள். அந்தச் சங்கிலி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஐந்து ஆண்டில், 1732-இல், முதல் இரண்டு மிஷனரிகள் அங்கிருந்து கரீபியத் தீவு ஒன்றுக்குப் புறப்பட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட உற்சாகத்தில் 24 மணி நேரச் சங்கிலியை அறிவிக்கும் சபைகளில், அதிகாலை மூன்று மணிக் கட்டம் இரண்டாவது வாரமே காலியாகும், காலிக் கட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் தளர்வார்கள். வாரத்துக்கு 14 அரைமணி நேரங்களோடு ஆரம்பியுங்கள், நாளுக்கு இரண்டு. நிரம்பி வழிந்தால் கூட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொதுவான தலைப்பு வேண்டாம், மூன்று வீடுகளின் பெயர் கொடுங்கள். அந்தப் பெயர்கள் தாளில் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யாருடைய குடும்பச் சிக்கல் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

90 நாளுக்கு ஒருமுறை 45 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். செய்தோம், செய்யவில்லை, ஏன் என்று மூன்று பத்தி போதும். ‘ஏன்’ என்ற இடத்தில் ‘ஜெபம் குறைவு’ என்று மட்டும் எழுதி மூடுவதை அனுமதிக்காதீர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சந்திப்பு நேரத்தை ஊரார் வேலையிலிருந்து திரும்பாத ஐந்து மணிக்கு வைத்ததையும் அதற்குப் பின்னால் மறைத்துவிடலாம்.

பேனர் அடிப்பதை முதல் 90 நாள் பரிசீலனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாக்கியத்தில் ஒரு சொல்லாவது மாறியிருக்கும்.

கடைசியாக, போதகர் மாறும் நாள். அவரோடு தரிசனமும் பெட்டி கட்டிக்கொண்டு போவது சபைகளில் சாதாரணம். அதைத் தடுக்க மினிட்ஸ் புத்தகத்தில், தீர்மானங்களுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செய்துபார்த்துச் சரிவராதவற்றைத் தேதியோடும் காரணத்தோடும் அதில் எழுதுங்கள். எந்த வீட்டுக்கு யார் போகிறார் என்ற பட்டியல் போதகரின் தொலைபேசியில் இருக்கக் கூடாது, சபைச் செயலாளரின் அலமாரியில் இருக்க வேண்டும். புதியவர் வந்ததும் முதல் 90 நாள் எதையும் மாற்றாமல், ஆறு ஜோடிகளோடும் ஆளுக்கு ஒருமுறை நடந்து போய்வரட்டும். வாக்கியத்தைப் பற்றிய அவருடைய கேள்விகளை 91-ஆம் நாள் கமிட்டி உட்கார்ந்து கேட்கட்டும்.